ஜாமீன் போட்டவன் கணக்கு

2 ஜூன் 2024, ஒரு வாசகர் கேட்டது

"மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்கவில்லை" என்று சொல்கிற யாரும் மன்னிக்கவில்லை என்பது என் கட்சி. 152ஆம் குறளும் பொறுத்தலைவிட மறத்தலே நன்று என்கிறது. நெருங்கிய நண்பன் செய்த துரோகத்தை உண்மையிலேயே மறந்தவர் யாராவது இங்கே உண்டா? சாமி கும்பிடுகிறவர்களுக்கு அது சுலபம் என்கிறார் என் அத்தை. எனக்கு நம்பிக்கை இல்லை, சாமி மேலும், அத்தை மேலும்.

3 ஜூன், இரவு

நான் மறக்கவில்லை. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம்.

திண்டுக்கல்லில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவன் வீடு பேகம்பூர் பக்கம். அவன் அத்தா, அதாவது அப்பா, பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். கையால் ராவிச் செய்த மாங்காய்ப் பூட்டுக்கு மவுசு குறைந்து, அலிகார் பூட்டு கடைகளை நிறைத்த பிறகு பட்டறை படுத்துவிட்டது. 2012இல் அவன் ஹார்டுவேர் கடை போட ஐந்து லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் சேர்ந்தான். மாதம் 12,500, நாற்பது மாதம். நாலாவது மாதமே ஏலத்தில் தள்ளிக் கேட்டுச் சீட்டை எடுத்தான். பணம் கைக்கு வர, மீதித் தவணைகளுக்குச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ரெக்கார்டு நோட்டில் தவளை படம் வரைந்து கொடுப்பேனே, அதே நினைப்பில் கையெழுத்துப் போட்டேன்.

2014இல் கடையை மூடினான். திருப்பூர் போனான். நம்பரை மாற்றினான். நோட்டீஸ் என் அலுவலகத்துக்கு வந்தது. அதை மேசையில் வைத்த பியூன் கவரைப் படித்துவிட்டார் என்பது அவர் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

மூன்று லட்சம் கட்டினேன். ஒரு பைசா திரும்பி வரவில்லை.

வெறுக்கிறேனா என்றால், இல்லை. பஸ்ஸில் அவன் சாயலில் யாராவது ஏறினால் இன்றைக்கும் முதலில் சிரிப்புதான் வருகிறது. ஒரு நொடி கழித்துத்தான் மற்றது ஞாபகம் வரும். உங்கள் கட்சிப்படி நான் எதில் சேர்த்தி?

4 ஜூன்

ஓட்டு எண்ணும் நாள், இந்தப் பக்கம் யாரும் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். ஏழு பேர் வந்து என்னை முட்டாள் என்றிருக்கிறீர்கள். நன்றி.

கையெழுத்துப் போடும் முன் படிக்கவில்லையா என்று கேட்டவருக்கு: படிக்கவில்லை. நோட்டீஸ் வந்த பிறகு படித்தேன். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவு. கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. முதலில் அவனைத் துரத்திவிட்டு அப்புறம்தான் என்னிடம் வர வேண்டும் என்றெல்லாம் இல்லை. நம் ஊரில் ஜாமீனைக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி கேட்கிறார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான், உங்க பேரு இருந்தா ஒரு கௌரவம்."

6 ஜூன்

கேள்வி கேட்டவர் என்னை விடவில்லை. "மறக்காதவரை பொறுத்ததாக ஆகாது, வள்ளுவரே சொல்லிவிட்டார்" என்கிறார்.

வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை ஐயா. "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று." அதனினும் நன்று என்றால் முதலாவது செல்லாது என்று அர்த்தமா? ஏசி கோச் வசதி என்றால் ஸ்லீப்பரில் வருகிறவன் வித்தவுட்டா?

எனக்கு 152ஐவிட 808தான் இடிக்கிறது. பழைமை என்ற அதிகாரத்தில் இருக்கிறது. நண்பன் செய்த பிழையை அடுத்தவர் வந்து சொன்னாலும் காதில் வாங்காத அளவுக்கு உரிமை உள்ளவர்களுக்கு, அவன் பிழை செய்த நாள் பயன்பட்ட நாள் என்கிறது. பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார். அந்தக் கணக்கில் மாதா மாதம் ஐந்தாம் தேதி எனக்குப் பயன்பட்ட நாள். முப்பது மாதம் முப்பது நாள். ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது.

7 ஜூன்

ஒரு திருத்தம். மனைவி இதைப் படித்துவிட்டாள்.

"எப்ப மூணு லட்சம் ஆச்சு?" என்று கேட்டாள்.

மூன்று லட்சம் இல்லை. நிலுவை பதினெட்டுத் தவணை, 2,25,000. அதன்மேல் வட்டி, செலவு என்று 15,000 போட்டு 2,40,000க்கு முடித்தார்கள். மாதம் 8,000 வீதம் 2014 ஆகஸ்டிலிருந்து 2017 ஜனவரி வரை கட்டினேன். போன தடவை "முப்பது மாதம்" என்று நானே எழுதியிருக்கிறேன். முப்பதை எட்டாயிரத்தால் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியவில்லை. கல்யாண வீடு, கேதத்து வீடு, ரயில் என்று போன இடமெல்லாம் மூன்று லட்சம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது எவ்வளவு சொன்னேன், எந்த வருடம் இந்த அறுபதாயிரம் சேர்ந்தது, ஒன்றும் தெரியாது. பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் உறைக்கவில்லை. சீட்டுக் கம்பெனி போட்ட வட்டியைவிட என் வாய் போட்ட வட்டி நாலு மடங்கு.

9 ஜூன், ஞாயிறு

அவனை அப்புறம் பார்க்கவே இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

2022 மார்ச்சில் அத்தா மௌத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்று பழைய வகுப்புத் தோழன் போன் செய்தான். போகாமல் இருக்க மனசு வரவில்லை. ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு முறை எனக்குப் பூட்டைப் பிரித்துக் காட்டி, லீவர் ஒவ்வொன்றும் சாவியின் எந்தப் பல்லுக்கு எழும்பும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். (ஆறாம் வகுப்பிலிருந்துதான் பழக்கம் என்று மேலே எழுதினேன். அப்படியானால் அது ஆறாம் வகுப்பு லீவு. மனைவி படிப்பதற்குள் நானே திருத்திக்கொள்கிறேன்.)

பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்கை, உடலைத் தூக்கிவரும் பெட்டியை, வைத்திருந்தார்கள். நானும் அந்தத் தோழனும் செருப்பு விடுகிற இடத்தோரம் நின்றோம். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையில் குனிவதில்லை, நெற்றியைத் தரையில் வைப்பதில்லை, நின்றபடியே முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு அறிவிப்பு இருக்கும். இறந்தவரின் பிள்ளைகளில் ஒருவர் முன்னே வந்து சொல்வார். மூத்தவன் அவன்தான், வந்து நின்றான். எட்டு வருடத்தில் முடி பாதி போயிருந்தது. தொப்பி தலைக்குப் பெரிதாக இருந்தது, யாரிடமோ வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

"எங்க அத்தா யாருக்காச்சும் பணம் காசு குடுக்க வேண்டியது இருந்தா என்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க. யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா மாப்பு பண்ணிருங்க."

தோழன் முழங்கையால் என் இடுப்பில் லேசாக இடித்தான். துக்க வீட்டில் சிரிப்பு வந்து தொலைக்கக் கூடாதே என்று செருப்பு வரிசையையே பார்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டிய இடம். "டேய், அத்தா கணக்கு இருக்கட்டும், உன் கணக்கு?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவன் "என்கிட்ட கேட்டு" என்று சொன்னபோது குரல் ஒரு நூல் இறங்கியது. நான் அங்கே நிற்பதை அவன் பார்த்துவிட்டான் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அத்தாவைப் பறிகொடுத்தவன் குரல் எங்கே வேண்டுமானாலும் இறங்கும். எல்லாம் நம்மைப் பற்றியே இருக்க வேண்டுமா?

அடக்கம் முடிந்து வெளியே வருகிறவர்கள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். நானும் வரிசையில் போனேன். குழிக்கு மூன்று பிடி மண் போட்ட கை, இன்னும் கழுவவில்லை.

"வந்துட்டியாடா."

"வந்துட்டேன்."

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்ட் வருகிறவரை உள்ளங்கையில் மண் இருந்தது. தட்டிவிடாமல் விட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் டீக்கடைக் குழாயில் கழுவிவிட்டுத்தான் வடை வாங்கினேன். அவன் தம்பியிடம் அவனுடைய புது நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். கூப்பிட்டதில்லை.

அந்தக் கடையில் பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, அந்த அறிவிப்பு எதற்கு என்று விளக்கினார். நபிகள் முன்னால் ஒருவரின் ஜனாஸாவை, உடலை, கொண்டுவந்தார்களாம். இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார். சில தீனார் உண்டு, அடைக்க எதுவும் விட்டுப் போகவில்லை என்றார்கள். அப்படியானால் நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிட்டார். அபூகதாதா என்ற தோழர் எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்றார். அதன் பிறகுதான் நபிகள் தொழ வைத்தார்.

ஆக, அங்கேயும் ஒரு ஜாமீன்தாரர். நான் யார் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது. வடைக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டார்.

10 ஜூன்

இப்போது அத்தைக்கு வருகிறேன் (கேள்வி கேட்டவரின் அத்தை). பக்தி உள்ளவர்களுக்கு மன்னிப்பு சுலபம் என்கிறாரே, நான் பார்த்தவரை நேர்மாறு. மதம் ஆளைச் சும்மா விடுவதில்லை.

போன மாதம் எங்கள் தெருப் பெரியவர் ஹஜ்ஜுக்குக் கிளம்பும் முன் வீடு வீடாக வந்தார். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். தண்ணீர்க் குழாய்த் தகராறில் மூன்று வருடமாகப் பேசாத வீட்டுக்கும் போனார். மனிதனுக்கு மனிதன் செய்ததை அந்த மனிதனிடம்தான் தீர்க்க வேண்டும், இறைவனிடம் நேராகப் போய் வேலையை முடித்துக்கொள்ள முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. யூதர்களிடமும் இதுவே. அவர்களுடைய பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் நோன்பு இறைவனுக்குச் செய்த பிழைக்குத்தான் பரிகாரம். அடுத்தவனுக்குச் செய்ததற்கு அவனைச் சமாதானப்படுத்தும்வரை கிடையாது.

குர்ஆனிலேயே நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பது. இரண்டாவது அத்தியாயம், 282. அதற்கு இரண்டு வசனம் முன்னால், கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள், விட்டே கொடுத்தால் உங்களுக்கு இன்னும் நல்லது என்று இருக்கிறது. எழுதியும் வை, விட்டும் கொடு. மறந்துவிடு என்று எங்கேயும் இல்லை பாருங்கள்.

என் பக்கத்து மேசைக்காரர் சிஎஸ்ஐ சபைக் கிறிஸ்தவர். இந்தக் கதை தெரியும். அவர்கள் ஜெபத்தில் வருகிற வரியைச் சொன்னார்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." பாவம் என்றுகூட இல்லை, நேராகக் கடன். "ஞாயித்துக்கிழமை இதைச் சொல்றப்ப எல்லாம் உங்க ஞாபகம்தான் சார்" என்றார். கத்தோலிக்க ஜெபத்தில் அந்த இடத்தில் குற்றங்கள் என்று வருமாம். எனக்குக் கடனே பிடித்திருக்கிறது. குற்றம் என்றால் உத்தேசமாகப் பேசிவிட்டு நழுவலாம். கடனுக்கு எண் உண்டு.

12 ஜூன்

மன்னிப்புக்கு உதாரணமாக அரசர் மெய்ப்பொருள் நாயனாரைக் கொண்டுவந்தவருக்கு வணக்கம். ஆனால் அது மன்னிப்புக் கதை இல்லை என்றே நினைக்கிறேன். போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனைக்குள் வருகிறான், குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்கும்போது, "தத்தா, நமர்" என்கிறார் அரசர். நம்மவர். அவர் வணங்கியது திருநீற்றை, வேடத்தை. உள்ளே இருந்த முத்தநாதன் அவர் கணக்கிலேயே இல்லை. எனக்கு அது பெரிய விஷயம்தான், ஆனால் நட்புக்கு உதவாது. நண்பனிடம் வேடம் கிடையாது, ஆள்தான் இருக்கிறான்.

அந்தக் கதையில் எனக்குப் பாவமாக இருப்பது தத்தன். குத்தினவனைப் பத்திரமாக ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடு என்று உத்தரவு. ஊரே திரண்டு வழி மறிக்கிறது. எஜமானைக் குத்தினவனுக்காக அத்தனை பேரையும் தடுத்து நிறுத்திக்கொண்டே நடக்கிறான். திரும்பி வந்து விட்டுவிட்டேன் என்று சொல்கிறவரை அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, கடைசியில் நன்றி சொல்வது அவனுக்குத்தான். சேக்கிழார் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மன்னிக்கிற பெருமை ஒருவருக்கு, அதை நடத்தி முடிக்கிற வேலை இன்னொருவருக்கு. எங்கள் வீட்டில் மாதம் எட்டாயிரம் குறைந்த சம்பளத்தில் முப்பது மாதம் அடுப்பெரித்தது நான் இல்லை.

13 ஜூன்

வக்கீல் நண்பருக்கு: தெரியும், அதே ஒப்பந்தச் சட்டம், 145ஆவது பிரிவு. நான் கட்டியதை அவனிடம் வசூலிக்க எனக்கு உரிமை உண்டு. வழக்குப் போடக் கெடு, கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம். கடைசித் தவணைக்கே 2020 ஜனவரியோடு கெடு முடிந்தது. போடவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை, சோம்பல். கோர்ட்டில் அவன் அம்மாவைப் பார்க்க நேருமோ என்ற பயமும் உண்டு.

14 ஜூன், இரவு

இதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

தத்தன் பற்றி எழுதியதை மனைவியிடம் காட்டினேன், சந்தோஷப்படுவாள் என்று. படித்துவிட்டு எழுந்து போய் பரணிலிருந்து பழைய வரவு செலவு நோட்டுகளை இறக்கினாள். 2014. அக்டோபர் பக்கத்தை விரித்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். பால் 840, கேஸ், பையன் வேன் பீஸ். அதற்குக் கீழே அவள் கையெழுத்தில்:

"அண்ணன் வந்தாங்க. 10,000. சாப்பிடச் சொன்னேன். சாப்பிடல."

அவன் வந்திருக்கிறான். நான் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான். அன்று சாயங்காலமே என்னிடம் சொன்னாளாம், நானும் "ம்" என்றேனாம். அந்த மாதத் தவணை அந்தப் பணத்தில்தான் போனதாம். எனக்குத் துளிகூட ஞாபகம் இல்லை. இல்லவே இல்லை. "ஒரு பைசா திரும்பி வரவில்லை" என்று பதினோரு நாள் முன்னால் சத்தியம் மாதிரி எழுதியிருக்கிறேன்.

கேள்வி கேட்டவரே, மறந்தவர் உண்டா என்றீர்களே. உண்டு, நான்தான். ஆனால் மறந்தது எதை என்று பாருங்கள்.

109ஆம் குறளை நேற்று ஒருவர் போட்டிருந்தார். கொன்றது போன்ற தீமை செய்தாலும் அவர் செய்த ஒரு நன்மையை நினைத்தால் அது கெட்டுவிடும் என்று. அவருக்குக் காரமாகப் பதில் எழுதி வைத்திருந்தேன்: 1998இல் என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் பதினோரு ராத்திரி வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுத்தான், அதை நினைத்தால் தீமை கெடவில்லை, இன்னும் வலிக்கத்தான் செய்கிறது, அப்படிப்பட்டவன் இப்படிச் செய்தானே என்று. அந்தப் பதிலைப் போடவில்லை. 1998 எனக்கு ஞாபகம் இருப்பதே, 2014ஐக் கூர்மையாக்கத் தேவைப்படுவதால்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் எதற்கும் உதவவில்லை, அதனால் போய்விட்டது.

15 ஜூன்

கணக்கு: 2,30,000. இனிமேல் இதைத்தான் சொல்வேன்.

15 ஜூன், இரவு 9.20

நம்பமாட்டீர்கள். ஜிபேயில் அவன் பெயரில் ஒரு ரூபாய் வந்திருக்கிறது. ஒரே ஒரு ரூபாய். செய்தி எதுவும் இல்லை.

16 ஜூன்

நீங்கள் சொன்னதெல்லாம் படித்தேன். சரியான ஆளா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்பது வழக்கம்தான், பின்னால் பெரிய தொகை வரும் என்கிறார் ஒருவர். கை தவறி அழுத்தியிருப்பான் என்கிறார் இன்னொருவர். இந்த இழையை அவன் படிக்கிறான் என்கிறார் மூன்றாமவர். அதைக் கேட்டு ராத்திரி தூக்கம் போனது. வக்கீல் நண்பர் மட்டும், கெடு முடிந்த கடனுக்கு இப்போது எது வந்தாலும் லாபம் என்று எழுதியிருக்கிறார்.

மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். "நாளைக்கு பக்ரீத். வாழ்த்துச் சொல்ல ஒரு சாக்கு இருக்கில்ல" என்றாள்.

17 ஜூன், காலை

ஆறே காலுக்குக் கூப்பிட்டேன். அதற்கு மேல் விட்டால் தொழுகைக்குக் கிளம்பிவிடுவான். என்ன பேசுவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். முதல் வரி ஈத் முபாரக், இரண்டாவது வரியை மூன்று தடவை அடித்திருந்தேன்.

ஒரு பெண் பிள்ளை எடுத்தது. பதினாலு பதினைந்து வயது இருக்கும் குரல். வளர்ந்த பிறகு நான் பார்த்ததே இல்லை, திருப்பூர் போனபோது சின்னக் குழந்தை.

"அத்தா குளிக்கிறாங்க. யாருன்னு சொல்லட்டும்?"

பெயரைச் சொன்னேன். பெயரோடு என்ன சேர்த்துச் சொல்வது என்று தெரியாமல், திண்டுக்கல்லிலிருந்து என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஜாமீன் மாமாவா?" என்று கேட்டது.

ஆமாம் என்றேன்.

"வந்ததும் சொல்றேன் மாமா" என்று வைத்துவிட்டது. இப்போது மணி பத்தே கால். தொழுகை முடிந்திருக்கும். குர்பானி கொடுத்துக் கறியைப் பங்கு வைக்கவே மதியம் ஆகிவிடும், அதனால் இன்னும் கூப்பிடாதது ஒன்றும் பெரிதில்லை. போனை சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.